தெரியாம எப்படி?

(திருச்சியில் இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'தத்தெடுப்பு: சாதி ஒழிப்புக்கு ஒரு வழி' என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். அன்போடு போட்டதுதான். ஆனால் முதலில் அந்தத் தலைப்போடு ஒரு சின்னச் சண்டை போட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். நானும் என் இணையரும் சாதியை ஒழிப்பதற்காகப் பிள்ளைகளைத் தத்தெடுக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் வேண்டும் என்று ஆசை இருந்தது, அதனால் எடுத்தோம். பிள்ளை பெற்றுக்கொள்கிறவர்களிடம் யாராவது "எந்தக் கொள்கைக்காகப் பெற்றீர்கள்?" என்று கேட்கிறோமா? எங்களிடம் மட்டும் கேட்கிறார்கள். இயக்கத் தோழர்களே "பெரிய தியாகம் தோழர்" என்று கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். பக்கத்தில் என் மகள் நிற்கிறாள். அந்தத் தியாகத்தின் பொருள் தான்தான் என்று அவளுக்குப் புரியாமல் இருக்குமா?

எனவே தலைப்பைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். தத்தெடுப்பு சாதியை என்ன செய்கிறது என்பது எனக்குத் தெரியாது. சாதி எங்கள் குடும்பத்தை அன்றாடம் என்ன செய்கிறது என்பது தெரியும். ரயிலில், பள்ளிக்கூட வாசலில், காதுகுத்தில், சுற்றுலா போன இடத்தில் என்று நிறைய பார்த்துவிட்டேன். அதைச் சொல்கிறேன்.

எங்களைப் பற்றி இரண்டு வரி. நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் பிறந்தவள். இணையர் தலித் குடும்பத்தில் பிறந்தவர். 2005-ல் சுயமரியாதைத் திருமணம். மூத்தவள் 2013-ல் எட்டு மாதக் குழந்தையாக வீட்டுக்கு வந்தாள், இப்போது வயது பதின்மூன்று. இளையவன் 2019-ல் இரண்டு வயது முடியும்போது வந்தான். இருவரும் அரசு அங்கீகாரம் பெற்ற சிறப்புத் தத்து நிறுவனங்கள் வழியாக, நீதிமன்ற உத்தரவோடு வந்தவர்கள். பெயர் சொல்லப்போவதில்லை, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கடந்த ஆண்டு ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தார்கள் இல்லையா, அதன் நடுப்பகுதி மின்தூக்கி போல மேலே போகும் என்று தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து இளையவன் எங்களைத் தூங்கவிடவில்லை. மே மாத விடுமுறையில் ராமேசுவரம் ரயில் ஏறினோம். பகல் வண்டி. புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், தண்ணீர்க்குடுவை, சீட்டுக்கட்டு எல்லாம் எடுத்துக்கொண்டாயிற்று. புதுக்கோட்டையில் ஓர் அக்கா ஏறினார். ஐம்பது வயது இருக்கும். பெரிய பை, பை நிறைய முறுக்கு. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் இரண்டு பிள்ளைகள் கையிலும் முறுக்கு.

"பொண்ணு அப்பா ஜாடையா? உங்க ஜாடை இல்லையே."

"யார் ஜாடையும் இல்லக்கா. அவ ஜாடை."

"அதெப்படி, யாரையாவது கொண்டிருக்கணுமே. அப்பாயி ஜாடையா இருக்கும்."

இந்த இடத்தில் நாங்கள் சில நேரம் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம். அன்று மூத்தவளே சொன்னாள்: "என்னைத் தத்தெடுத்தாங்க பாட்டி. தம்பியையும்."

அக்கா உடனே உச்சுக்கொட்டினார். "நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. புண்ணியம்மா." அடுத்த கேள்வி வருவதற்கு ஒரு முறுக்கு தின்னும் நேரம் ஆனது. குரலைத் தாழ்த்தி, என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "என்ன ஆளுங்கன்னு விசாரிச்சீங்களா?"

"தெரியாதுக்கா."

"தெரியாம எப்படி?"

இந்த இரண்டு சொற்களைத்தான் நான் இன்றைக்கு உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். தெரியாம எப்படி. அது கோபமில்லை, வெறுப்பும் இல்லை. உண்மையான திகைப்பு. ஒரு குழந்தையின் சாதி தெரியாமல் அதற்கு எப்படிச் சோறு ஊட்டுவது, எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, எப்படி அதன் மேல் பாசம் வைப்பது என்கிற திகைப்பு. அந்த அக்கா கெட்டவர் இல்லை. மானாமதுரை தாண்டியதும் இளையவன் தூங்கிவிட்டான், அவன் தலை அவர் மடியில்தான் இருந்தது. ராமநாதபுரத்தில் இறங்கும்வரை முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். கெட்டவர்கள் மட்டும் கேட்கிற கேள்வியாக இருந்தால் இதை நாம் எப்போதோ எதிர்கொண்டு முடித்திருப்போம்.

இன்னொரு 'தெரியாது'வைச் சொல்கிறேன். இளையவனுக்கு வந்த புதிதில் இழுப்பு இருந்தது. குழந்தைகள் மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா, ஒவ்வாமை உண்டா? தெரியாது டாக்டர், தத்தெடுத்த பிள்ளை என்றோம். "சரி, தெரியாதுன்னு எழுதிக்கிறேன்" என்று எழுதிவிட்டு, நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், பிறப்பு வழித் தகவல் உண்மையிலேயே பயன்படுகிற இடம் அந்த ஓர் அறைதான். மரபணு, பரம்பரை நோய் எல்லாம் அங்கேதான் பொருள் உள்ள சொற்கள். அங்கே இருப்பவருக்கு 'தெரியாது' போதுமானதாக இருக்கிறது. அந்தத் தகவலால் எந்தப் பயனும் இல்லாத ரயில் பெட்டிக்கும், வீட்டு உரிமையாளருக்கும், கல்யாண மண்டபத்துக்கும்தான் அது போதவில்லை.

வீட்டு உரிமையாளர் என்றதும் நினைவு வருகிறது. வாடகைக்கு வீடு தேடும்போது எங்கள் இருவரின் சாதியை எப்படியோ சுற்றி வளைத்துத் தெரிந்துகொள்கிறார்கள், அது பழகிவிட்டது. ஒருவர் அதையும் தாண்டி, "குழந்தைங்க யாரு என்னன்னு தெரியாதுங்கிறீங்க, மாடியில எங்கம்மா பூஜை அறை இருக்கு" என்றார். குழந்தைக்கு அப்போது மூன்று வயது. பூஜை அறைக்கு அவளால் ஆகக்கூடிய ஒரே ஆபத்து, கற்பூரத் தட்டைத் தட்டிவிடுவது.

இப்போது காதுகுத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

எங்கள் வீட்டில் சடங்கு கிடையாது. ஆனால் மூத்தவளுக்கு நான்கு வயதில் கம்மல் போட ஆசை. கூடப் படிக்கிற எல்லாப் பிள்ளைகளும் போட்டிருக்கிறார்கள். சரி என்றோம். என் அம்மா, கல்யாணமாகி எட்டு ஆண்டுகள் எங்களோடு பேசாமல் இருந்து, இவள் வந்த பிறகு பேச்சுக்கு வந்தவர், "என் வீட்ல வச்சுக் குத்தணும், மாமன் மடியில உட்கார வைக்கணும்" என்றார். பேத்திக்குச் செய்ய ஆசைப்படுகிறார், போனோம். என் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அதுவரை அவர்கள் இவளைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார்கள், பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், சோறு ஊட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் என் தம்பி மனையில் உட்கார்ந்து "வாடா கண்ணு" என்று மடியைத் தட்டியபோது கூடத்தில் பேச்சு நின்றுபோனது. பெரியப்பா ஒருவர் எழுந்து சொன்னார்: "மடியில உட்கார வச்சா முறை ஏற்பட்டுப் போயிடும்ப்பா. யோசிச்சுச் செய்."

கவனித்தீர்களா? கொஞ்சலாம், ஊட்டலாம், உடுத்தலாம். மடியில் உட்கார வைக்கக் கூடாது. ஏன்? தாய்மாமன் மடி என்பது நம் வழக்கத்தில் வெறும் மடி இல்லை. அந்த மடியில் உட்கார்ந்தால் அவள் மருமகள். அவனுக்கு ஒரு மகன் பிறந்தால் இவளுக்கு முறைப்பையன். அதாவது அந்த நான்கு வயதுப் பிள்ளை கம்மலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அவர் இருபது ஆண்டுகள் கழித்து நடக்கக்கூடிய ஒரு கல்யாணத்துக்குக் காவல் நின்றுகொண்டிருந்தார். அகமணம்தான் சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916-ல், இருபத்தைந்து வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் எழுதினார். அதை நான் கல்லூரியில் படித்துத் தேர்வெல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் அது ஒரு மடிக்கும் மனைக்கும் நடுவில் இருக்கும் ஓரடி தூரம் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

தம்பி எழுந்திருக்கவில்லை. "உட்காரும்மா" என்றான். உட்கார்ந்தாள். ஆசாரி குத்தினார், அழுதாள், தேங்காய் மிட்டாய் கொடுத்ததும் நிறுத்தினாள். பெரியப்பா வீடும் இன்னொரு வீடும் சாப்பிடாமல் கிளம்பின.

எல்லாம் இந்தப் பக்கத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இணையரின் சொந்தத்திலும் ஒரு மூத்த அம்மா, எங்கள் மீது உயிரையே வைத்திருப்பவர், ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "நம்மளவிடக் கீழ இருந்துட்டா என்னடா பண்றது?" இணையர் அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை. மிதிபடுகிறவர்களையும் தங்களுக்குக் கீழே ஆள் தேட வைக்கிற ஏற்பாட்டைத்தான் படிநிலைச் சமத்துவமின்மை என்கிறோம். இரண்டு கேள்விகளும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பெரியப்பாவின் கேள்வி ஏறி நிற்கிற இடத்தை விடாமல் இருக்கக் கேட்டது. அந்த அம்மாவின் கேள்விக்குள் வாழ்நாள் முழுக்கப் பட்ட அடி இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே குழந்தையின் காதில்தான் விழுகின்றன.

இந்த 'விசாரிச்சீங்களா' வெறும் வாய்ப்பேச்சோடு நிற்பதில்லை, தோழர்களே. 2012-ல் நாங்கள் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தபோது, உறவினர் ஒருவர் வீட்டுக்கே வந்து, "எதுக்கு வரிசையில நிக்கிறீங்க, தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்க, நம்ம ஆளுங்க குழந்தையாவே பாத்துத் தருவாங்க" என்றார். நம்ம ஆளு என்றால் யார் ஆளு என்று இணையர் கேட்டதற்குப் பதில் வரவில்லை. சட்டப்படியான வழியில் இந்த வசதி கிடையாது. ஆணா பெண்ணா, எந்த வயது என்பது போன்ற விருப்பங்களைச் சொல்லலாம், சாதி பார்த்துப் பிள்ளை கேட்க முடியாது. அதனால்தான் சாதி வேண்டும் என்பவர்களும் நிறம் வேண்டும் என்பவர்களும் பின்வாசலுக்குப் போகிறார்கள். 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் பேசிய ஒலிப்பதிவு வெளிவந்ததே, நினைவிருக்கிறதா? ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை. சட்ட நடைமுறைக்கு வெளியே பிள்ளையைத் தருவதும் எடுப்பதும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மூன்று ஆண்டுவரை சிறை தரக்கூடிய குற்றம். விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு. உங்களுக்குத் தெரிந்த யாராவது 'தெரிஞ்ச நர்ஸ்' என்று ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள். பெற்றவளை மிரட்டிப் பிரித்த குழந்தையாக அது இருக்கலாம்.

சட்டம் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இளைஞர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பழைய இந்துச் சட்டத்தில் தத்து என்றால் பையன்தான். பிண்டம் வைக்க ஒருவன் வேண்டும், சொத்தை வாங்க ஒருவன் வேண்டும், அதற்குத்தான் தத்து. அந்தப் பையனும் அதே வருணத்தில் பிறந்தவனாக இருக்க வேண்டும் என்று தத்தக மீமாம்சை போன்ற நூல்கள் சொல்லின. வெள்ளைக்காரர் காலத்து நீதிமன்றங்களும் அவற்றைத்தான் புரட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதின. அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்து முன்னெடுத்த இந்துச் சட்டத் தொகுப்பை நாடாளுமன்றத்தில் நிறைவேறவிடாமல் இழுத்தடித்தார்கள். 1951-ல் அவர் பதவி விலகினார். அந்தத் தொகுப்பே 1955, 1956-ல் நான்கு துண்டுகளாக நிறைவேறியது. நான்கில் ஒன்று தத்தெடுப்புச் சட்டம். பெண் பிள்ளையைத் தத்தெடுக்கலாம், பெண்ணும் தத்தெடுக்கலாம், சாதி தடையில்லை என்பதெல்லாம் அதில் வந்தவை. இசுலாமியர், கிறித்தவர்களுக்கு அப்போதும் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம்தான். பிள்ளைக்குக் காப்பாளராக இருக்கலாம், பெற்றோர் ஆக முடியாது. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்பதை 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. என் மகள் சட்டப்படி என் மகளாக இருப்பதற்குப் பின்னால் ஒருவர் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்த கதையும் இருக்கிறது. அவளுக்கு அது தெரியும். பள்ளிப் பேச்சுப் போட்டியில் சொல்லிப் பரிசும் வாங்கிவிட்டாள், இரண்டாம் பரிசு.

நம் திருச்சியிலேயே இன்னொரு கதை இருக்கிறது. நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தலைப்பெழுத்து என்ன தெரியுமா? ஈ.வெ.ரா.ம. பெரியார், மணியம்மையார் இருவரின் எழுத்துகள். தலைப்பெழுத்து இல்லை என்றுதானே ஊர் கேட்கிறது, இந்தா வைத்துக்கொள் என்று கொடுத்தார்கள். இதைப் பற்றி யாராவது ஆய்வு செய்தால் நன்றாக இருக்கும். அந்தப் பிள்ளைகளிடமே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

பள்ளிக்கூடம். மூத்தவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது சாதிக் கட்டத்தை நிரப்ப மாட்டோம் என்றோம். "ஏதாவது ஒன்னப் போடுங்கம்மா, இல்லாட்டி கம்ப்யூட்டர்ல அடுத்த பக்கம் போகாது" என்றார் அலுவலக ஊழியர். சாதி, மதம் குறிப்பிட விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1973-லேயே அரசாணை உண்டு. நகல் எடுத்துக்கொண்டு மூன்று தடவை போன பிறகு கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போனது.

இதைச் சொன்னதும் நீங்கள் கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். காலியாக விடுவதை நான் வீரம் என்று சொல்லவில்லை. 2019-ல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா சாதியற்றவர், மதமற்றவர் என்று சான்றிதழ் வாங்கியபோது எல்லோரும் கொண்டாடினோம், நானும்தான். ஆனால் அடுத்த வாரமே, இட ஒதுக்கீடு பிடிக்காதவர்கள் பலர் "பாத்தீங்களா, எல்லாரும் இப்படி வாங்கிட்டா சாதி போயிடும்ல" என்று பேச ஆரம்பித்தார்கள். என் இணையர் அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. இட ஒதுக்கீடு இல்லாமல் அவர் இன்றைய வேலையில் இல்லை. அரசு அவரிடம் சாதியைக் கேட்டது அடைத்து வைத்திருந்த கதவைத் திறப்பதற்காக. வீட்டு உரிமையாளர் கேட்டது கதவைச் சாத்துவதற்காக. இரண்டுக்கும் 'எல்லாம் சாதி பார்க்கிறதுதானே' என்று ஒரே பெயர் வைக்கிறவர்களோடு என்னால் சேர்ந்து கை தட்ட முடியாது. நம் மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஓர் இனம் உண்டு, பலர் கவனித்திருக்க மாட்டீர்கள்: பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாருமில்லாமல், அங்கீகரிக்கப்பட்ட இல்லங்களில் வளரும் பிள்ளைகள். யாருமற்று இருப்பதே இந்தச் சமூகத்தில் ஒரு பின்தங்கிய நிலை என்று அரசு எழுதி வைத்திருக்கிறது. சரியாகத்தான் எழுதியிருக்கிறது. என் பிள்ளைகளுக்கு நாங்கள் காலியாக விட்டிருக்கிறோம் என்றால், இரண்டு சம்பளம் வருகிற வீட்டில் அவர்கள் வளர்கிறார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. எல்லோரும் இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை.

அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பில் 'குடும்ப மரம்' வரைந்துவரச் சொன்னார்கள். வேரில் தாத்தா பாட்டி, கிளையில் அப்பா அம்மா, நுனியில் நீ. மூத்தவள் ஞாயிறு முழுக்க யோசித்தாள். வாழை மரம் வரையலாமா என்று கேட்டாள், பக்கத்தில் கன்று முளைக்குமே என்று. பிறகு, வாழைக்கன்றும் தாய் வாழையிலிருந்துதானே வருகிறது என்று அவளே அதை ஒதுக்கிவிட்டாள். கடைசியில் மரத்தை விட்டுவிட்டு ஒரு பேருந்து வரைந்தாள். ஓட்டுநர் இருக்கையில் பாட்டி. நடத்துநர் தாத்தா. நாங்கள் எல்லோரும் வெவ்வேறு நிறுத்தத்தில் ஏறியிருந்தோம். அப்பாவும் நானுமே வெவ்வேறு நிறுத்தம்தான். தம்பி கடைசி நிறுத்தத்தில் ஓடிவந்து தொற்றிக்கொண்டிருந்தான். ஆசிரியர் நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார், 'மரம் எங்கே?' என்று ஒரு கேள்வியும் எழுதியிருந்தார்.

இன்னொரு வெளியூர்ப் பயணத்தையும் சொல்ல வேண்டும். கீழடி அருங்காட்சியகம் போயிருந்தோம், 2023 மார்ச்சில் திறந்தார்களே, அது. கொந்தகை முதுமக்கள் தாழிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இளையவன் கேட்டான், "இது யாரோட தாத்தா?" நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற ஒருவர் தன் மகனிடம் "எல்லாம் நம்ம ஆளுங்கடா" என்று தன் சாதியின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். இவன் நல்ல சத்தமாக என்னிடம் கேட்டான்: "அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த தாழி. உள்ளே இருந்தவர் பெயர் தெரியாது, என்ன பேசினார், யாரை நேசித்தார் என்று தெரியாது. சாதி மட்டும் தெரிந்திருக்கிறது. மூன்று ரயில் நிலையம் தாண்டிப் பிறந்த என் மகனின் சாதி தெரியவில்லை என்றால் ஊருக்குத் தூக்கம் வரவில்லை, அந்தத் தாழிக்குள் இருந்தவருக்கும் ஒன்றைக் கொடுத்தாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு மிகவும் கடினமான பகுதி. இதைப் பேசலாமா என்று மூத்தவளிடம் கேட்டேன். இன்றைக்குப் பேசப்போகிற எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன், இரண்டை அடித்துவிட்டாள். அந்த இரண்டும் உங்களுக்குக் கிடையாது. பெயரையும் சொல்லக் கூடாது என்றாள். இதை மட்டும் "சொல்லிக்கோ" என்றாள்.

ராமேசுவரம் போன அன்று மாலை தனுஷ்கோடியில் மணலில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவும் தம்பியும் தண்ணீரில் நின்றார்கள். அவள் கேட்டாள்: "ட்ரெயின்ல அந்தப் பாட்டி கேட்டது, உனக்குத் தெரியணும்னு இருக்கா?"

"இல்ல."

"எனக்கு யார் பெத்தாங்கன்னு தெரியணும்னு இருக்கு. அப்போ நானும் அந்தப் பாட்டி மாதிரியா?"

நாம் முற்போக்காளர்கள். நமக்கு இந்த இடத்தில் ஒரு பதில் தயாராக இருக்கும்: ரத்தம் முக்கியமில்லை கண்ணு, பாசம்தான் முக்கியம். கேட்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பதில் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயை அடைத்துவிடும். அவளைச் சுமந்த ஒரு பெண் எங்கேயோ இருக்கிறாள். உயிரோடு இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். எந்தச் சூழ்நிலையில் அவளை விட்டாள் என்பது தெரியாது. நம் ஊரில் ஒரு பெண் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் காரணங்களை நாம் எல்லோரும் ஊகிக்கலாம்: வறுமை, கல்யாணம் ஆகாமல் கருவுற்றது, பிறந்தது பெண் என்பது, காதலித்தவன் வேறு சாதி என்பது. இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பெண்ணைப் பற்றி அறிய விரும்புவது சாதி தேடுவது ஆகாது. ரயிலில் வந்த அக்காவுக்கு அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையே. அவள் சாப்பிட்டாளா, உடம்பு எப்படி இருந்தது, அழுதாளா என்று அவர் கேட்கவில்லை. என்ன ஆளு என்று மட்டும்தான் கேட்டார். என் மகளுக்கு முதல் மூன்றும் வேண்டும். நான்காவது வேண்டாம்.

இதை இவ்வளவு நீட்டி அவளிடம் சொல்லவில்லை. "இல்லடா, நீ கேக்குறது வேற" என்றேன். பதினெட்டு வயதானால் தன் பிறப்பு வேர்களைத் தேட அவளே விண்ணப்பிக்க விதிகளில் இடம் இருக்கிறது, அதற்கு முன்பு என்றால் பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். "நீ வருவியா?" என்றாள். எப்போது கூப்பிட்டாலும் வருவேன் என்றேன். "அப்பாவும்?" "அப்பாவும்." சிறிது நேரம் மணலைக் குடைந்துகொண்டிருந்தாள். பிறகு, பாலம் மேலே போவதை இவ்வளவு தூரம் வந்தும் பார்க்கவில்லையே, தம்பி ஊருக்குப் போகிற வழியெல்லாம் அழுவானே என்று கவலைப்பட ஆரம்பித்தாள். அழுதான். மானாமதுரை வரைக்கும்.

இந்தப் பேச்சு முடிந்ததும் உங்களில் சிலர் தத்தெடுப்பு நடைமுறை பற்றிக் கேட்பீர்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து சொல்கிறேன். பதிவு, வீட்டு ஆய்வு, காத்திருப்பு எல்லாம் பொறுமையாகப் பேச வேண்டியவை. கைக்குழந்தைதான் வேண்டும் என்று எல்லோரும் காத்திருக்க, ஆறு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள் இல்லங்களில் காத்திருக்கிறார்கள். அதையும் பேச வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். வெளியே புத்தக மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கணக்கு நோட்டோடு. போகும்போது "நீதான் அந்தப் பொண்ணா?" என்று யாரும் கேட்க வேண்டாம். புத்தகத்தின் விலையைக் கேளுங்கள். இரண்டுக்கு மேல் வாங்கினால் தள்ளுபடி தருவாள், ஆனால் சில்லறையில் மிகவும் கறார்.